வீட்டு முகப்பில் இருந்த பின் நம்பர்

கோட்டையூர் ரோட்டில் பாதி தூரம் நடந்த பிறகுதான், வயிற்றில் செருகியிருந்த நோட்டு வியர்வையில் நனைகிறது என்று தெரிந்தது. சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். உச்சி வெயில். இரண்டு டவுன் பஸ்கள் என்னைக் கடந்து போயின. ஏறவில்லை. இரண்டின் கண்டக்டர்களும் எனக்குத் தெரிந்தவர்கள். எங்க போறீக, கையில என்ன என்று கேட்பார்கள். நான் சொல்லாவிட்டாலும் பஸ்ஸில் இருக்கிற நாலு பேர் பிறகு யாரிடமாவது சொல்வார்கள். அதனால் நடந்தேன். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இடது தோளைப் பாதிக்கு மேல் தூக்க முடியாது. துண்டுக்குள் இருந்தது கம்பெனியின் நோட்டு. இணைப்பு கொடுக்கப் போகிற ஆட்கள் வாடிக்கையாளரின் வீட்டு விலாசம் எழுதி வைக்கிற நோட்டு. அதைத்தான் திருடிக்கொண்டு வந்திருந்தேன். ஆபீசில் டீ குடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

கவுண்டரிலும் போனிலும் புதிதாக உட்காரப் போகிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் கம்பெனியில் கேட்டார்கள். உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்திருக்கும். திரையில் பூட்டுப் படம் காட்டியிருப்பார்கள். பின் நம்பர் சரியாக இருந்தால்தான் வாடிக்கையாளரின் விவரத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். பிஸ்கட்டும் கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் சரி. பூட்டைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. பூட்டை வாங்கிச் சுவரில் அழகுக்கு மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்டவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நான் அவர்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு உப்பளம், சாயப்பட்டறை, லாரி கிளீனர் வேலை, இரண்டு ஓட்டல், ஒரு செங்கல் சூளை. எந்த இடத்திலும் மூன்று வருடத்தைத் தாண்டியதில்லை. பாதி இடங்களில் அனுப்பினார்கள். மீதி இடங்களில் நானே கிளம்பினேன். காரைக்குடிக்கு வந்து ஒரு இண்டர்நெட் கம்பெனியில் கேபிள் இழுக்கச் சேர்ந்தேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கேபிள் இழுப்பது ஊர் சுற்றுவது மாதிரிதான். முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அப்படி ஒரு வீட்டில் ஏணி சறுக்கித் தோள் போனது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது என்னைப் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதைக் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஊரில் எந்த வீடு, எந்தத் தூணில் எந்த வயர் என்று என்னைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

போன் பிரிவுக்குத் தலைமை ஒரு பெண். இருபத்தாறு வயதுதான். தினமும் காளையார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் அவளை எல்லோரும் டீச்சர் என்போம். என் வயதில் பாதிதான் அவளுக்கு. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் எல்லாம் அவளிடம் கேட்டதுதான்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்குக்கும் நாலு இலக்கத்தில் பின் நம்பர் வைக்க வேண்டும். அதைச் சொல்லாதவருக்கு விலாசம், போன் நம்பர், எதையும் சொல்லக் கூடாது. எங்கள் மேனேஜர் உடனே செய்த காரியம், பெரிய பூட்டுப் படம் போட்ட விளம்பரத் தாள் ஒன்றை வரவேற்பறையில் ஒட்டியது. 'உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு' என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழ்மூலை காற்றில் ஆடியது. ஆடாமல் இருக்க, பக்கத்து ஆணியில் தொங்கிய இணைப்பு நோட்டை அதன்மேல் படியும்படி நகர்த்தி வைத்தார். வரப்போகிற எல்லாக் கூத்தும் அந்தச் சுவரிலேயே இருந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நம்பர் வைக்கச் சொன்னோம்.

"ஆச்சி, நெட் கம்பெனியிலேருந்து பேசுறேன். உங்க கணக்குக்கு ஒரு ரகசிய நம்பர் வைக்கணும்."

"எதுக்கு?"

"வேற யாராவது உங்க பேரச் சொல்லி உங்க விவரத்தக் கேட்டுறக் கூடாதுல்ல."

"கேட்டாச் சொல்லிரு. அதுக்கு எதுக்கு என்னையப் போட்டுப் படுத்துற?"

ஒருவர் நாலு சைபர் போதும் என்றார். ஒருவர் நம்பரைப் பேரனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பேரன் சிங்கப்பூரிலிருந்து அம்மாவிடம் கேட்கச் சொன்னான். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மட்டும், "ரகசியம்ங்கிறீக. அப்புறம் எங்கிட்டயே சொல்லச் சொல்றீக. நீங்க யாரு?" என்று கேட்டார். அந்த மாதத்தில் நாங்கள் பேசிய ஆட்களில் மூளையோடு பேசியவர் அவர் ஒருவர்தான். அவரைத் தொல்லை பிடித்தவர் என்று பட்டியலில் குறித்து வைத்தோம்.

முறைப்படி வாடிக்கையாளரே தன் போனில் எண்களை அழுத்த வேண்டும். நம் காதில் விழக் கூடாது. டீச்சர் இதைத் தினமும் சொல்வாள். ஆனால் அழுத்தச் சொன்னால் பலருக்குப் போன் கட்டாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. மேனேஜரோ, இன்றைக்கு எத்தனை ஆயிற்று என்று மணிக்கு ஒரு முறை வந்து நிற்பார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நான் ஏறி இறங்கிய வீடுகள்தானே. ஒவ்வொரு முகப்பும் எனக்குத் தெரியும். உச்சியில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, கீழே சுதையில் பெரிதாக வீடு கட்டிய ஆண்டு.

"ஆச்சி, உங்க வீட்டு முகப்புல லட்சுமிக்குக் கீழ வருசம் இருக்குல்ல. அதையே வச்சுக்கிருவமா?"

"அட, இது நல்லாருக்கே. மறக்காதுல்ல."

அவர்கள் அழுத்தவும் வேண்டியதில்லை. நானே போட்டுவிடுவேன். ஒரு அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. பக்கத்து நாற்காலிகளும் என்னைப் பார்த்து அதையே சொல்ல ஆரம்பித்தன. மாதக் கடைசியில் மேனேஜர் எனக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை.

"அண்ணே, அந்த வருசம் வாசல்ல நின்னாத் தெரியுமா?"

"தெரியும்."

"பஸ்ஸுல போனா?"

"பெரிய எழுத்துதான். தெரியும்."

"அதுக்குப் பேரு ரகசியமா?"

"நம்ம ஊருல எல்லாரும் நல்லவகதானம்மா."

"நல்லவகளுக்கு எதுக்குண்ணே பின் நம்பர்?"

எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும் என்று அவள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாள். முடிந்த வேலையைக் கிளறாதே என்று அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மேலே எல்லாம் முடிந்தது என்று சொல்லியாகிவிட்டது. மேனேஜர்களுக்கு வேலை முடிவது அப்படித்தான். உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். கணக்கு அவள் பெயரில் இருந்தது. அவளுக்கும் முகப்பு வருடத்தைத்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். மிகவும் தணிந்த குரல். இணைப்பைக் கோட்டையூரில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்றாள்.

"சார், புது விலாசம் வேற யாருக்கும் தெரியக் கூடாது. பழைய வீட்டுலேருந்து யாரு கேட்டாலும் சொல்லிறாதீக."

"சரிம்மா."

"என் கையில போட்ட கட்டு இன்னும் பிரிக்கல சார். அதான் சொல்றேன்."

"பின் நம்பர் இல்லாம கலெக்டரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்மா. பயப்படாதீக."

இதை நான் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். விலாசம் மாறினால் பின் நம்பரையும் மாற்றச் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் விதி. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அப்போது மதியம் ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு மேல் கீழே இருக்கிற மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துவிடும். நான் சாப்பிடப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, காலை பத்தரை மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. நல்ல குரல். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது.

"வணக்கம். எங்க வீட்டுக் கனெக்‌ஷன் பத்திப் பேசணும். என் மனைவி பேருல இருக்கு."

"பின் நம்பர் சொல்லுங்க சார்."

தயங்காமல் சொன்னார். தன் வீட்டு முகப்பைப் படிக்க யாருக்குத் தயக்கம் வரும். திரை பச்சையானது. கோட்டையூர் விலாசம் முழுக்க என் கண் முன்னால் விரிந்தது.

"லைன் மாத்துனாகள்ல. எந்த விலாசத்துல மாத்தியிருக்குன்னு ஒரு தடவ வாசிங்க. சரிதானான்னு பாத்துக்கிறேன்."

பச்சை வந்துவிட்டால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்துவிட்டேன். கதவு எண் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒன்றே ஒன்று இடித்தது. தன் வீடு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரன் கேட்பானா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எட்டாம் வகுப்பே அதிகம். ஆனால் திரையில் பச்சை எரியும்போது இது தோன்றாது. உங்களுக்கும் தோன்றாது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

"சர்வர் படுத்துருச்சு சார். கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்க."

"வேணாம். நேர்லயே வாரேன்."

டீச்சரிடம் ஓடினேன். அவள் திட்டவில்லை.

"நம்பர வச்சது யாரு?"

"நான்தான்."

"அந்தப் பொண்ண மாத்தச் சொன்னீகளா?"

"சொல்லல."

டீச்சர் அந்தக் கணக்கைத் தன் பொறுப்பில் பூட்டினாள். இனி அந்தப் பெண்ணே அடையாள அட்டையோடு ஏதாவது ஒரு ஆபீசுக்கு நேரில் போனால்தான் திறக்கும். பிறகு அந்தப் பெண்ணின் போனுக்கு அடித்தோம். அணைத்து வைத்திருந்தாள். நாலு முறை அடித்தும் அதேதான்.

முக்கால் மணி நேரத்தில் அந்த ஆள் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். எங்கள் மேனேஜர் படி இறங்கிப் போய் அழைத்து வந்தார். கொத்தமங்கலம் பக்கத்துக்கு இணைப்பு பிரிக்கிற பெட்டியை வைக்க அந்த வீட்டில்தான் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்த மரியாதை. வரவேற்பறையில், பூட்டுப் படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். குளிர்பானம் வாங்கிவரச் சொன்னார். பிறகு டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"நம்பரக் கரெக்டாச் சொல்றாக. அப்புறம் என்ன பூட்டு?"

"நம்பர் கரெக்டு சார். ஆளு வேற."

"புருசன்ம்மா."

"கணக்கு அவுக பேருல இல்ல சார்."

"புருசனுக்குச் சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸ்ல எங்கயாவது போட்டுருக்கா?"

"சொல்லலாம்னும் போடல சார்."

"நீ எனக்கு ரூல்ஸ் எடுக்குறியா?"

"எடுக்கல சார். நீங்க ஒட்டுன தாளுல இருக்கு."

மேனேஜர் தானே உட்கார்ந்து திறந்து பார்த்தார். திரை சிவப்பாகவே இருந்தது. காலிங் பெல் அடிக்கிற மாதிரி மௌஸை விடாமல் அழுத்தினார். திரைக்கு அவர் மேனேஜர் என்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கம்ப்யூட்டர்கள் பேட்டரியில் ஓடின. மின்விசிறிகள் நின்றுவிட்டன. வரவேற்பறைப் பக்கம் பார்த்தேன். அந்த ஆளுக்கு வியர்த்தது. தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய நோட்டைக் கழற்றி, இரண்டாக மடித்து, விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்த நோட்டில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. கோட்டையூர் கதவு எண், போன் நம்பர் எல்லாம் இருந்தன. இத்தனை பின் நம்பர், இத்தனை பச்சை, சிவப்பு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதைக் காப்பாற்ற. அதையே பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வாசலில் தொங்க விட்டிருந்தோம். வருகிறவன் போகிறவன் எல்லாம் புரட்டலாம். தேடி வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு மூளை அப்போதுதானா வேலை செய்ய வேண்டும். எழுந்தார்.

"ஏன்யா, கம்ப்யூட்டர் எதுக்கு? லைன் போட்ட நோட்டுல இருக்குமே. நோட்டு எங்க?"

வரவேற்பறை ஆணியைப் பார்த்தார், காலி; அந்த ஆள் கையிலிருந்த விசிறிதான் நோட்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜர் மேசை மேசையாகத் தேட ஆரம்பித்தார். நான் வரவேற்பறைக்குப் போனேன்.

"சார், அத இங்குட்டுக் குடுங்க. உங்களுக்கு நல்ல விசிறியாக் கொண்டாரேன்."

கொடுத்தார். நன்றி என்றும் சொன்னார்.

நோட்டு என் கையில் இருந்தது. உள்ளே மேனேஜர் இழுப்பறைகளை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கே ஒளித்து வைத்தாலும் இன்னும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். டீச்சர் கண்ணாடிக் கதவருகே வந்து என் கையைப் பார்த்தாள்.

"அண்ணே, டீ குடிக்கப் போகணும்னீகளே. இன்னும் போகலையா?"

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா. குடிச்சிட்டு வாரேன்" என்று படி இறங்கினேன். நாற்காலியில் மாட்டியிருந்த என் அடையாள அட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அதற்கான பலனைக் கோட்டையூரில் அனுபவித்தேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நெட் கம்பெனிம்மா."

"நான் யாரையும் வரச் சொல்லலையே."

"சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"கார்டக் காட்டுங்க."

"ஆபீசுல இருக்கு."

"அப்ப போயி கார்டோட வாங்க."

ஒரு கம்பெனியே சேர்ந்து செய்யாத வேலையை அவள் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்று செய்துகொண்டிருந்தாள். வந்தவன் யார் என்று கேட்டாள். எனக்கு அவளை நம்ப வைக்க ஒரே வழிதான் தெரிந்தது. அவளுடைய பின் நம்பரைச் சொன்னேன்.

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாள் விழுந்தது.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா வச்சுக் குடுத்தேன். உங்க மாமனார் வீட்டு முகப்புல உள்ள வருசம். உங்க வீட்டுக்காரரும் காலைல போன்ல அதத்தான் சொன்னாரு."

நடந்தது அத்தனையையும் மூடின கதவைப் பார்த்துச் சொன்னேன். எதிர்வீட்டில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கதவுக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"விலாசத்தச் சொன்னீகளா?"

"சொல்லல."

"வேற யாராவது சொல்லுவாகளா?"

"கம்ப்யூட்டரப் பூட்டியாச்சு. மிச்சம் இந்த நோட்டு ஒண்ணுதான். அதான் கொண்டாந்துட்டேன்."

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. நோட்டைக் கம்பிக்குள் நீட்டினேன். கட்டு இல்லாத கையால் வாங்கினாள். ஜன்னல் மறுபடி மூடியது. பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வாசித்தாள். எனக்காக வாசித்தாளா, தனக்கா என்று தெரியவில்லை.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால பச்சைக் கேட்டு. லேடி தனியா இருக்காக. சாயங்காலம் போகவும்."

நான் அந்த வரியை அதுவரை முழுதாகப் படித்ததில்லை.

"இத எழுதுனது யாரு?"

"லைன் போட வந்த ஆளும்மா. அவரு நல்லவருதான். ரிப்பேர்னா வேற ஆளு வருவாகள்ல, அவுகளுக்கு எழுதி வச்சிருக்காரு."

தாளைக் கிழிக்கிற சத்தம். ஜன்னல் திறந்து நோட்டு வெளியே வந்தது.

"மத்தவக பேரெல்லாம் இருக்கே. அவுக வீட்டுக்கெல்லாம் நடந்து போவீகளா?"

காரைக்குடி ஆபீசுக்கு வர வேண்டாம், அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார், மதுரை ஆபீசில் அடையாள அட்டையைக் காட்டிப் பின் நம்பரை மாற்றுங்கள் என்றேன்.

"புது நம்பர உங்ககிட்டச் சொல்லணுமா?"

"வேணாம்மா. யார்கிட்டயும் சொல்லாதீக. அங்க கேட்டாலும் நீங்களே அழுத்துங்க."

"சரி. போங்க. தெருவே பாத்துக்கிருக்கு."

காப்பாற்ற வந்தவன், யார் கண்ணிலும் படாமல் இருந்தவளைத் தெருவுக்கே காட்டிக் கொடுத்திருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ரோட்டோரம் விறகடுப்பு வைத்த ஒரு டீக்கடை இருந்தது. நோட்டை நாலாகக் கிழித்து அடுப்பில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர் என்ன நோட்டு என்றார். ஊர்க்காரர்கள் வீட்டு விலாசம் என்றேன். அதை ஏன் எரிக்கிறீக, யாருக்காவது உதவுமே என்றார். உதவும் என்பதால்தான் எரிக்கிறேன் என்றேன். டீ போட்டுக் கொடுத்தார். குடிக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார்.

"நோட்டு எங்கய்யா?"

"டீக்கடையில இருக்கு சார்."

"எடுத்துட்டு வா."

"வராது சார். இப்ப சாம்பலா இருக்கு."

அவர் அதன்பிறகு சொன்னதை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். சுருக்கமாக, வேலை போனது. தங்கியிருந்தது கம்பெனி அறை. அதனால் அதுவும் போனது. போலீசில் சொல்வேன் என்றார். சொல்லவில்லை. சொன்னால் நோட்டு எங்கே தொங்கியது என்று கேட்பார்கள்.

சாயங்காலம் டீச்சர் பேசினாள்.

"அந்தப் பொண்ணு மதுரை போயி மாத்திருச்சுண்ணே. இப்பத்தான் திரையில பாத்தேன்."

"அந்த ஆளு?"

"ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தாரு. கூல்டிரிங்ஸ் மட்டும் மூணு."

"உன்னைய என்ன சொன்னாக?"

"மெமோ. இருக்கட்டும். முகப்பு வருசம் வச்சவகளுக்கெல்லாம் போன் போட ஆரம்பிச்சுட்டேன். இன்னிக்குப் பதினேழு பேரு மாத்தியாச்சு. ஒரு ஆச்சி உங்களைய விசாரிச்சாக. ஏணியிலேருந்து விழுந்தாரே, அவரு நல்லாருக்காரான்னு."

"என்ன சொன்ன?"

"பின் நம்பர் சொன்னாத்தான் சொல்லுவேன்னேன்."

"மேனேஜர் குடுத்த டிபன் கேரியர் அங்கதான் கெடக்கு. அவருக்கே குடுத்துரு."

"குடுத்துட்டேண்ணே."

அந்த ஆள் பிறகு அவளைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. எங்கள் கையால் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் வேலை என்னவென்று உங்களிடம் யாராவது கேட்டால், அவ்வளவுதான் வேலை என்று சொல்லுங்கள்.

மறுநாள் காலை காளையார்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. கடைக்காரர் என் தோளைப் பார்த்தார், வயதைக் கேட்டார்.

"எழுத்து எப்படி?"

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எழுதுனாப் படிக்கலாம்."

"அது போதும். முந்தி இருந்தவன் எழுதுனது அவனுக்கே புரியாது. வார போன வாங்கணும். லாக் நம்பரக் கேக்கணும். டேப்புல எழுதிப் போனு முதுகுல ஒட்டணும். அம்புட்டுத்தான் வேலை."

ஒரு தட்டைக் காட்டினார். கவிழ்த்து வைத்த போன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப், டேப்பில் நாலு இலக்கம். உள்ளே குடும்பப் படம், பாங்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு எல்லாம் இருக்கும். வாசலில் நிற்கிறவன் கை நீட்டினால் எட்டும். முதல் நாள் மதியத்திலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்து தட்டைப் பார்த்தார்.

"என்னங்க, வெறும் பேரா எழுதி ஒட்டியிருக்கீக. நம்பர் எங்க?"

"அது அவுகளுக்குத் தெரியும்ல."

"நான் எப்படி ரிப்பேர் பாத்து டெஸ்ட் பண்றது?"

"போன வாங்க வரும்போது அவுகளையே போட்டுத் திறக்கச் சொல்லுங்க. அவுக முன்னாடியே பண்ணலாம்."

"உங்களுக்குச் சம்பளம் வேணுமா வேணாமா?"

"வேணும்."

அதற்குள் கல்லாப் பக்கம் ஒரு அம்மாள் வந்து, கண்ணாடி உடைந்த போனை வைத்துவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்பர் எழுதிக்கிருங்க தம்பி" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதீக" என்றேன். "பேரு மட்டும் சொல்லுங்க."